மூன்றாம் கிரேன்

விடிந்தும் விடியாத நேரம். எண்ணூர் கன்டெய்னர் யார்டில் டில்லிபாபுவும் தப்ரேசும் பெட்டிகளின் மூலைப் பூட்டுகளைக் கம்பியால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முதுகில் வழிந்த வியர்வையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டியது. தலைக்குமேல் மூன்றாம் கிரேன் கம்ப்யூட்டர் சொற்படி நாற்பதடிப் பெட்டியை இறக்கியது. கீழே ஆள் இருந்தால் அது தானாகவே நின்றுவிடும். அன்று நிற்கவில்லை.

தப்ரேசின் வலது கால் முழங்காலோடு நசுங்கியது. பெட்டியைத் தூக்குவதற்குள் அவன் அலறல் ஓய்ந்துபோனது. டில்லிபாபு சட்டையைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி ஆம்புலன்சில் ஏற்றினான்.

அந்தக் கிரேனுக்கு மென்பொருள் எழுதியவர்களில் வியாசர்பாடி யசோதராவும் ஒருத்தி. யார்டிலேயே இருந்து, சின்ன மாற்றத்தைக்கூட வெறும் பெட்டியைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகுதான் ஓடவிடுவார்கள். போன மாதம் முதலாளி பொன்ராஜ் அந்த வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு அவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

சேதி கேட்டு யசோதரா ஓடிவந்தபோது, கிரேனைச் சரிபார்க்க வந்த வெளிக் கம்பெனி எஞ்சினியர் அபினைத் தொழிலாளர்கள் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயெல்லாம் ரத்தம்.

"ஒன் வேலய புடுங்குனவன் இவன்தான் யக்கா. நீயும் ரெண்டு போடு," என்றான் டில்லிபாபு. கையில் பூட்டு நெம்பும் கம்பி.

அவளுக்கும் அடிக்கத்தான் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். "புது புரோகிராம டெஸ்ட் பண்ணாமயா ஓடவுட்ட?"

"யார்டுக்குள்ளயே விடலக்கா. நேத்தே முடிக்கலன்னா வேற கம்பெனிக்குக் குடுத்துருவோம்னாங்க. பயந்துட்டேன். இந்தக் கிரேன இப்பத்தான் நேர்ல பாக்கேன்."

யசோதரா நிமிர்ந்தாள். "இவனும் காண்டிராக்ட், நீயும் காண்டிராக்ட், டில்லி. இவன கொன்னா பொன்ராஜுக்கு இன்னா வலிக்கப்போவுது? கம்பிய கீழ போடு."

கம்பி விழுந்த சத்தத்தோடு பொன்ராஜ் அடியாட்களுடன் வந்து சேர்ந்தார்.

"நிக்கக் கூடாத எடத்துல நின்னான், காலு போச்சு. தம்பி, கிரேன ஓட்டு," என்றார் அபினைப் பார்த்து.

"சோதிச்சு ஓட்டுன எங்கள ஏன் சார் அனுப்புனீங்க?" என்றாள் யசோதரா.

"எல்லா கம்பெனியும் வெளியதாம்மா குடுக்கான். செலவு கொறையும்."

"கொறஞ்ச செலவுதான் தப்ரேஸ் கால்ல விழுந்துச்சு."

அபின் சட்டையில் வாயைத் துடைத்தான். "ஓட்ட மாட்டேன் சார்."

உருட்டுக்கட்டை அவன் தோளில் இறங்கியது. இரண்டாவது அடியை டில்லிபாபு குறுக்கே கை நீட்டி வாங்கினான். எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த அடியில் யசோதராவின் நெற்றி பிளந்தது. சுமை இறக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கூட்டிப் பெருக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவராக வந்து அடிகளுக்கு நடுவே நின்றார்கள். அடியாட்களுக்குக் கை ஓங்க இடமில்லாமல் போனது.

பொன்ராஜ் போலீசுக்குப் போன் போட்டார். நாளை யாருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிரேன் ஓடும் தண்டவாளத்தின்மேல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

டில்லிபாபு தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த அபினைத் தோளால் இடித்தான்.

"கொஞ்சம் நவுந்து குந்து நைனா. இன்னும் ஆளுங்கோ வந்துகினு கீறாங்கோ."