கயிற்றுக்கடை மாடியில் இரண்டு பாஷை

சான் நிக்கோலாஸில் எங்கள் கயிற்றுக்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது மாடியை மட்டும் அண்ணாந்து பார்த்தேன். சிப்பி பதித்த அதே சன்னல்கள். கண் கலங்கிவிட்டது. வயதான பிறகு கண்ணுக்கு வேறென்ன வேலை.

அந்த வீட்டில் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். கீழே கடையில் ஊர்ப் பாஷையான தகலாக், மேலே வீட்டில் சீனம். படியேறும்போதே நாக்கை மாற்றிக்கொண்டுவிட வேண்டும். மறந்துபோய் மேலே ஒரு தகலாக் வார்த்தை வந்துவிட்டால், "தகலாக் வயித்துக்கு, சீனம் வம்சத்துக்கு. எதை எங்க வைக்கணுமோ அங்க வை" என்பார். சீனம் என்றால் எங்கள் பாட்டன் கப்பலேறி வரும்போது கொண்டுவந்த ஹொக்கியன். அதில் ஒரு சொல் ஒரு வெட்டு. "சாப்பிட்டியா" என்று அன்பாகக் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரன் சண்டை என்று நினைப்பான். தகலாக் அப்படியில்லை. ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, வாலில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போய், மரியாதைக்கு ஓர் அசையும் வைத்து, கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். சீனத்தில் கோபித்துக்கொள்வேன், தகலாக்கில் சமாதானம் ஆவேன்.

அச்சி காதலித்தது தகலாக்கில். அச்சி என்றால் என் அக்கா, பீலியென். அம்மா போன பிறகு வீட்டைக் கட்டிக் காத்தவள் அவள்தான். மாலோலோஸ் ஊர்க்காரர் நெமேசியோ ஒரு கப்பல் அலுவலகத்துக்காகக் கயிறு வாங்க வருவார். வாரா வாரம் வருவார். ஒரு கப்பலுக்கு இத்தனை கயிறு எதற்கு என்று கேட்கிற புத்தி எங்கள் கடையில் ஒருவருக்கும் இல்லை. தெரிய வந்தபோது அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தகலாக்காரன் வீட்டுக்குப் பெண் கொடுப்பதென்றால் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடையே தலைக்குனிவு.

அச்சியோ என்னிடம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "ஓடிப்போக மாட்டேன் சியோக் ஹா. அவங்க முறைப்படி வந்து கேப்பாங்க. அப்பா மாட்டேன்னா, அதோட முடிஞ்சுது."

"நீ ஒரு மக்கு" என்றேன். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதனால் இன்னும் நாலு திட்டு திட்டினேன்.

பெண் கேட்பதென்றால் தகலாக்காரர்களில் பையன் தன் வீட்டாரோடு பெண் வீட்டுப் படியேறி வருவான், கையில் பலகாரத்தோடு. நெமேசியோவுக்கு அப்பா இல்லை. அவருடைய அம்மா அலிங் இஸ்யாங் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். ஒல்லியான பெண்மணி, கஞ்சி போட்ட மேல்சட்டை. வாழையிலையில் சுற்றிய சுமன் என்கிற அரிசிப் பலகாரமும் ஒரு பெரிய தட்டு நிறைய பான்சிட் நூடுல்ஸும் கொண்டுவந்திருந்தார்.

அப்பா மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எதிரே தேநீர்க் குடுவை, கவிழ்த்த கிண்ணங்கள். விருந்தாளி உட்கார்ந்த உடனே கிண்ணத்தை நிமிர்த்தி ஊற்ற வேண்டும். அப்பா அதைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"என் வீட்டுல நான் சீனம்தான் பேசுவேன். நீ தகலாக்குல மாத்திச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்பாவுக்குத் தெரிந்தது கடைத் தகலாக். விலை, முழம், வசவு. மாலோலோஸ்காரர்களின் தேன் சொட்டும் பேச்சு அவருக்கு எட்டாது என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்குச் சீனம் சுத்தமாகத் தெரியாது. நடுவில் நான். ராஜ்ஜியமே என் கையில் இருந்தது.

அலிங் இஸ்யாங் ஆரம்பித்தார். "உங்க தோட்டத்துல ஒரு பூச்செடி இருக்குதுன்னு கேள்விப்பட்டோங்க. எங்க வீட்டு வாசல் ரொம்ப நாளா வெறுமையா கெடக்குதுங்க. தப்பா நெனைக்கலேன்னா..."

அப்பா பான்சிட்டைப் பார்த்தபடி சீனத்தில் சொன்னார். "நம்ம நூடுல்ஸையே நமக்குக் கொண்டாந்துட்டாங்க. சின்னவளே, இந்தம்மாவக் கேளு. இவங்க புள்ளைக்கு வேண்டியது பொண்ணா, கயித்துக்கடையா?"

அச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நெமேசியோ பாவம், சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "அப்பா சொல்றாங்க, பான்சிட் வாசனையே பிரமாதமா இருக்குதுங்களாம். அக்கா செல்லமா வளந்தவங்க, உங்க வீட்டுல எப்படி இருப்பாங்களோன்னு கொஞ்சம் கவலைப்படறாங்க."

அலிங் இஸ்யாங் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நியாயமான கவலைதான் கண்ணு. அப்பாகிட்ட சொல்லு. எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதும். கடையிலேருந்து ஒரு முழம் கயிறுகூட வேண்டாம்."

கயிற்றைப் பற்றி நான் மாற்றிச் சொல்லவேயில்லையே என்று ஒரு கணம் குழம்பினேன். யோசிக்க நேரமில்லை. அப்பாவின் காது சிவந்துவிட்டது. அது வந்தால் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

"எந்திரிச்சுப் போகச் சொல்லு" என்றார், தட்டைப் பார்த்தே. "இது நடக்காது. இவ அந்தப் படி இறங்கினா எனக்கு இப்படி ஒரு மக இல்ல. அதையும் சொல்லு."

அச்சி என் பக்கம் திரும்பவேயில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து சமைத்த கை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். அப்பா மேல், சட்டத்தின் மேல், வம்சத்தின் மேல். ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அப்பா சொல்றாங்க, அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல வெளக்கேத்தி வச்சவ இவதானாம். இவ படி இறங்கிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும், எப்படி இருக்கப் போறேன்னே தெரியலைங்கறாங்க. ஆனாலும் அவ ஆசைப்படறா. அதனால, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு பேரையும் சாப்பிட அனுப்பணும்னு கேட்டுக்கறாங்க."

கீழே தெருவில் குதிரைவண்டி போகிற சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. இவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. நாற்பது வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த மனுஷன், புரியாமல் எப்படிப் போகும்? ஒரு வார்த்தை போதும், என் பித்தலாட்டம் வெளியே வந்துவிடும்.

அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கண்ணை அச்சி பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஒரு கிண்ணத்தை நிமிர்த்தினார். ஊற்றினார். இரண்டு கையாலும் எடுத்து அலிங் இஸ்யாங்கிடம் நீட்டினார்.

அந்த அம்மாளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து வாய் திறந்தார். வந்தது சீனம். எங்கள் வீட்டுச் சீனம், வெட்டு வெட்டாக.

"சம்பந்தி. கல்யாணத்துக்கு முன்னாடி நான் நூவா தெருவுல உங்க ஆளுங்க வீட்டுல புள்ள பாத்துக்கற வேலை செஞ்சேன். நீங்க சொன்னதும் கேட்டுச்சு. இந்தச் சின்னவ சொன்னதும் கேட்டுச்சு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது இவ சொன்னதைத்தான்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நெமேசியோ அம்மாவைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது.

அவர்கள் கிளம்பும்போது அப்பா மாடிப்படி முகப்பு வரை வந்தார். அங்கேயே நின்றார். வீட்டுக்குள்தான் நின்றார், ஒரு காலைக்கூடப் படியில் வைக்கவில்லை. அங்கிருந்து, அந்த மாடியில் அதுவரை நாங்கள் அவர் வாயால் கேட்டிராத தகலாக்கில், மரியாதை அசை ஒன்றையும் விடாமல், மெதுவாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமைங்க, சம்பந்தி. நீங்களும் வரணுங்க."

அச்சி அழுதாள். இந்தத் தடவை நான் திட்டவில்லை.

அதற்குப் பிறகு அப்பா இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தப்பியதில்லை. அலிங் இஸ்யாங் பான்சிட்டோடு வருவார். "உப்பு பத்தலைங்க" என்று அப்பா தகலாக்கில் குழைவார். "வாய மூடிட்டுத் தின்னு" என்று அந்த அம்மாள் சீனத்தில் வெட்டுவார். நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் யாரும் எதையும் மாற்றிச் சொல்லச் சொன்னதில்லை.

அவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள், அச்சியும் போய்விட்டாள். போன மாதம் நான் அண்ணாந்து நின்றபோது கைபேசிக் கடைப் பையன் என்னிடம், "என்ன வேணும் பாட்டி?" என்று தகலாக்கில் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது சீனம்.