நன்றி என்ற சொல் வராத கடிதம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடிக் கடையின் உள்ளறையில். கதை தேடிப் போகவில்லை. பேருந்தின் எண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததால் போனேன். தாடையை ஒரு கிண்ணத்தில் பொருத்தி, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டி, "அசையாதீங்க மேடம்" என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன். சோதனை முடிந்ததும் வாய்ப்பழக்கத்தில் "ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

கண் பார்க்கிற பெண் சிரித்துவிட்டாள்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க மேடம். அதனால எங்க வீட்ல பத்தொன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லாம போச்சு."

எழுதுகிறவளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டு ஒருத்தி தப்பித்துவிட முடியுமா? கண்ணாடி வாங்க ஒருமுறை, கண்ணாடி சரியில்லை என்று மூன்று முறை போனேன். (கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.) எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை. அவளைக் கண்பார்ப்பவள் என்றே சொல்லப்போகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று காலை வானம் கழுவிவிட்டதுபோல—

வேண்டாம். அவள் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

நன்றியுணர்வு என்பது மனித மனத்தின் மிக உன்னதமான—

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராதா?

ஆகவே நடந்தது நடந்தபடி. கண்பார்ப்பவளுக்கு நாற்பத்தொரு வயது. நாளெல்லாம் ஒரே கேள்வி: "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" ஒருநாள் ஒரு பெரியவர் ஏழு தடவை "ரெண்டும் ஒண்ணாத்தான்மா இருக்கு" என்றார். ஏழாவது தடவை அவள் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை அவர் மூக்கிலிருந்து உருவிவிட்டு, "அப்ப உங்களுக்குக் கண்ணு இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதான்" என்றாள்.

கடை முதலாளியம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு இவளைக் கூப்பிட்டார்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? ஒரு வருஷமா நீ நீயாவே இல்ல."

என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சோறு வாய்க்கு ருசிக்கவில்லை. கணவன் மெல்லும் சத்தம் ஆகவில்லை. சும்மா இருக்கும்போதும் எரிச்சல், யார் மேல் என்று தெரியாத எரிச்சல். முதலாளியம்மா ஒரு மனநல ஆலோசகரின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

தீராத ஜலதோஷக்காரர் அந்த ஆலோசகர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மூன்றாவது சந்திப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தார். "உங்களுக்கு நல்லது செஞ்சவங்க, நீங்க ஒருதடவைகூட வாய் திறந்து சொல்லாதவங்க, உயிரோட இருக்கிறவங்க. அப்படி ஒருத்தருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்க. தபால்ல போடக்கூடாது. நேர்ல போய்ப் படிச்சுக் காட்டணும்."

"படிச்சா என்ன ஆகும்?"

"மனசு லேசாகும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. எழுதினவங்களுக்கும் கேட்டவங்களுக்கும். பண்ணித்தான் பாருங்களேன்."

3

(இங்கே கதையை நிறுத்திவைத்து ஒரு சந்தேகம். அவசரமிருப்பவர்கள் நான்குக்குப் போகலாம்.)

நம் வீடுகளில் யாராவது யாருக்காவது நன்றி சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மேடையில் உண்டு. அழைப்பிதழில் கடைசி வரியாக 'நன்றியுரை' என்று இருக்கும். அது வரும்போது கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். கடைக்காரரிடமும் நடத்துனரிடமும் 'தேங்க்ஸ்' சொல்வோம். வீட்டு வாசற்படியைத் தாண்டி அந்தச் சொல் உள்ளே வருவது ஒரே ஒரு வடிவத்தில்தான்: 'நன்றி கெட்டவளே!'

அதாவது, இல்லாதபோது மட்டும் பெயர் சொல்லப்படுகிற ஒன்று. இருக்கிறபோது அதற்கு என்ன பெயர்? அம்மாவிடம் தட்டை நீட்டி 'இன்னும் கொஞ்சம் போடு' என்கிறோமே, அதுவா? சொல்லாமலே இருந்துவிட்டால் அது உடம்புக்குள் எங்கே போய்த் தங்குகிறது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

4

கண்பார்ப்பவள் முதலில் கணவனுக்கு எழுதினாள். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, "என்னோட எரிச்சலைப் பொறுத்துக்கிறதுக்கு…" என்று படிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் அவர் முகம் வெளிறியது.

"என்னாச்சு? டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்காத."

அத்தோடு அந்தக் கடிதம் முடிந்தது.

அடுத்த தாளை எடுத்தாள். உயிரோட இருக்கிறவங்க, ஒருதடவைகூடச் சொல்லாதவங்க. பேனா தானாக 'அத்தான்' என்று எழுதியது. எழுதிய சொல்லைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். அந்த வீட்டில் நான்கு வருஷமாக யாரும் உச்சரிக்காத சொல் அது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர், பழைய கணவர். அக்கா மாடியில் இருக்கிறாள், இவள் கீழே. அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கோபம் வந்தால், சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் பிடிப்பதுபோல.

ஆறு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அம்மா பக்கவாதம் வந்து எட்டு மாதம் மாடி வீட்டில் கிடந்தார். பார்த்துக்கொண்டது அத்தான். அம்மா போன மறுவருஷம் அத்தானுக்கு இன்னொரு பெண்ணோடு பழக்கம். ஒரு வருஷம் ஒளித்தார், பிடிபட்டார். அக்கா அவருடைய துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, பெட்டியை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

(முதல் பிரதியில் அத்தானைக் கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். 'தனிமை அவரைத் தள்ளியது' என்றெல்லாம் ஒரு பத்தி. கண்பார்ப்பவளிடம் படித்துக் காட்டினேன். "அடிச்சிடுங்க மேடம். அவரு அக்காவுக்குச் செஞ்சது செஞ்சதுதான்" என்றாள். அடித்துவிட்டேன்.)

5

அத்தான் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தார். சுவரோடு சுவராக நாற்பது தொட்டிகள். எல்லாவற்றிலும் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கண்பார்ப்பவளைப் பார்த்ததும், கையிலிருந்த வலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாம்மா. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல அத்தான். ஒண்ணு படிக்கணும். நின்னுக்கிட்டே கேளுங்க."

படிக்கத் தொடங்கினாள்.

"கேக்கலம்மா."

சத்தமாகப் படித்தாள். மோட்டார் இரைச்சல் அதையும் விழுங்கியது. அவர் பின்பக்கம் போய் ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் அணைத்தார். நாற்பது தொட்டிகளிலும் குமிழிகள் அடங்கின.

"இப்பப் படி. சீக்கிரமா. ரொம்ப நேரம் விட்டா மீனுங்க மூச்சுக்கு மேல வந்துடும்."

ஆகவே, அழுதுவிடுவோம் என்று அவள் பயந்திருந்த கடிதத்தை, அழ நேரமில்லாமல், ரயிலைப் பிடிக்கிறவள்போலப் படித்தாள்:

"அத்தான், அம்மாவுக்கு நகம் வெட்டினது நீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வெச்சது நீங்க. தலை வாரிவிட்டதும் நீங்க. வகிடு ஒருநாளும் நேரா வரல. அம்மா கண்ணாடியில பார்த்துட்டு ஒருபக்கமாச் சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் நான் மாடிக்கு வருவேன். கதவுகிட்டயே நின்னுடுவேன். அந்த வாடை தாங்காம நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். ஒருதடவைகூட உள்ள வான்னு கூப்பிட்டு என்னைச் சங்கடப்படுத்தல. கதவுக்கு வெளிய ஒரு நாற்காலி போட்டு வெச்சிருப்பீங்க. அதுல உக்காந்துதான் அம்மாகிட்டப் பேசுவேன். அந்த நாற்காலியை நான் மறக்கல. அக்காவுக்கு நீங்க செஞ்சதையும் மறக்கல. ரெண்டும் என்கிட்ட இருக்கு. இன்னைக்கு இதை மட்டும் சொல்ல வந்தேன்."

அத்தான் போய் சுவிட்சைப் போட்டார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

"அந்த வீட்ல அப்ப என்கூட உக்காந்து பேசினது உங்கம்மா ஒருத்தங்கதான். வாய் குழறும், பாதி புரியாது. புரியாததுக்கும் சேர்த்துச் சிரிச்சுக்குவோம். யாரு யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியலம்மா." பிறகு கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "நீயே வெச்சுக்கோ. இந்தக் கடையில எதை எங்க வெச்சாலும் நனைஞ்சுடும். நீ வந்தது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடு. நான் மறைச்சு மறைச்சுத்தான் எல்லாத்தையும் கெடுத்தேன்."

வெளியே வந்தவள் வழியில் ஒரு வாழைப்பழம் வாங்கி உரித்துத் தின்றுகொண்டே நடந்தாள். இனித்தது. எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். இன்னொன்று வாங்கினாள்.

6

அக்காவிடம் அன்றே சொன்னாள். அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது.

"நீ அவருக்கு நன்றி சொல்லல. எனக்குத் தண்டனை குடுத்துட்டு வந்திருக்க."

"இல்லக்கா—"

"அவரு செஞ்சாரு, செஞ்சாரு. அப்ப நான் என்ன செஞ்சேன்? அதானே கேள்வி? எனக்கு அம்மாவை அப்படிப் பார்க்க முடியல. கூடுதலா ரெண்டு வகுப்பு எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் காரை ஓட்டிக்கிட்டுச் சுத்தினேன். ஆமா. போதுமா?"

பத்தொன்பது நாள். கண்பார்ப்பவளின் கணவர் தபால்காரரானார். "உங்க பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க, தண்ணி மோட்டார் போட்டாச்சுன்னு." "எங்க அக்காகிட்டச் சொல்லுங்க, நிறுத்தவும் சொல்லணும்னு."

எனக்குப் புரியாத இடம் இனிமேல்தான். அந்தப் பத்தொன்பது நாளும் கண்பார்ப்பவள் நன்றாக இருந்தாள். பசித்தது. கடையில் ஒரு குழந்தை எழுத்துப் பலகையில் எல்லா எழுத்தையும் 'ப' என்றே படித்தபோது உட்கார்ந்து சிரித்தாள். மாடியில் அக்கா அழுதுகொண்டிருக்க, கீழே இவள் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுவென்று பாடினாள். வெட்கமாகப் போய் ஆலோசகரிடம் ஓடினாள்.

"நான் கெட்டவளா சார்?"

ஆலோசகர் மூக்கை உறிஞ்சினார். "கதவுகிட்ட நின்னேன்னு இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"இப்பச் சொல்லிட்டீங்க. அதான்."

(அப்படியென்றால் அவளை லேசாக்கியது நன்றியா, ஒப்புக்கொண்டதா? ஒருவேளை இரண்டும் ஒரே துணியின் இரண்டு பக்கமா? 'நீ செய்தாய்' என்று முழுதாகச் சொல்லும்போது 'நான் செய்யவில்லை' என்பதும் கூடவே வந்துவிடுகிறதே. நாம் நன்றி சொல்லத் தயங்குவது அதனால்தானோ? இந்த அடைப்புக்குறியை மூட எனக்கு மனமில்லை. ஆனாலும் மூடுகிறேன்.)

7

இந்த இடத்தில் கண்பார்ப்பவள் கதையைப் பாதியில் விட்டுவிட்டாள். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை போவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. நானே முடித்துப் பார்த்தேன்.

அ. அக்கா மீன்தொட்டிக் கடைக்குப் போகிறாள். அத்தான் தலை குனிகிறார். தொட்டியின் பச்சை வெளிச்சத்தில் இருவர் கைகளும்—

இதைக் கேட்டதும் கண்பார்ப்பவள், "ஐயையோ! அக்கா உங்களைத் தேடி வந்து ஏத்திடுவா, காரை" என்றாள்.

ஆ. தங்கை அக்காவுக்கும் ஒரு கடிதம் எழுதிப் படிக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு—

"எங்க வீட்ல கட்டிப்பிடிக்கிற பழக்கமே இல்ல மேடம்."

8

நடந்தது இது. இருபதாம் நாள் அக்கா கண்ணாடிக் கடைக்கே வந்தாள். மற்றவர்களைப்போல முன்னால் டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தாள்.

"சாயங்காலம் ஓட்டும்போது எதிர்ல வர்ற விளக்கு கண்ணைக் கூசுது" என்றாள், சுவரில் இருந்த எழுத்துப் பலகையிடம்.

கண்பார்ப்பவள் கண்பாவையை விரிக்கிற சொட்டு மருந்தை விட்டாள். "இருபத்தஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உக்காரணும். திறக்கக்கூடாது."

அக்கா மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காகிதம் இருக்கா?" என்றாள்.

கைப்பையில் இருந்தது.

"படி."

படித்தாள். இந்தத் தடவை அவசரம் இல்லை. நகம், வகிடு, கதவு என்று நிதானமாகப் படித்தாள். நாற்காலி வரும்போது அக்காவின் கால் தரையை அழுத்தியது. படித்து முடித்தாள். மூடிய இமைகளின் ஓரத்தில் வடிந்தது மருந்தா என்னவென்று தெரியவில்லை.

"நாற்காலி போட்டது அவரில்ல" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"நான்தான் போட்டேன். மத்த நாள்ல நானும் அங்கதான் நிப்பேன். உள்ள போக முடியாம. கால் வலிக்கும். ஞாயித்துக்கிழமை நீயும் வந்து அதே இடத்துல நின்னியா… அதான் போட்டு வெச்சேன்."

9

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

அப்படியானால் அந்தக் கடிதத்தின் மிக முக்கியமான வரி தவறான முகவரிக்குப் போயிருக்கிறது. அத்தானுக்கு அது தெரிந்திருக்குமா? தெரிந்தே வாங்கிக்கொண்டாரா, இல்லை நாற்காலி அவர் கண்ணிலேயே பட்டதில்லையா? தவறான ஆளிடம் சொன்ன நன்றியும் வாழைப்பழத்தை இனிக்க வைக்கும் என்றால், இனிக்க வைத்தது எது?

பிறகு என்ன ஆயிற்று என்பதில் மர்மம் இல்லை. மருந்து விட்ட கண்ணோடு அக்காவால் காரை எடுக்க முடியவில்லை. இருவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் அக்கா ஓட்டுநரின் பிரேக்கைக் குறை சொன்னாள். கண்பார்ப்பவளின் கணவருக்குத் தபால் வேலை போயிற்று. அத்தான் மீன்தொட்டிக் கடையிலேயே இருக்கிறார். அக்கா இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த அறையில், அக்கா நாற்காலியைப் பற்றிச் சொன்னதும், பதிலுக்கு நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். கண்பார்ப்பவள் சொன்னாள். ஒரே வாக்கியம். நன்றி என்ற சொல் அதில் இல்லை. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. பதினொரு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது என் வாக்கியமாகிவிட்டது.

அதனால் அந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன். மருந்து வேலை செய்ய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உங்களுக்காக நாற்காலி போட்டவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

சொல்லுங்கள்.