சத்தம் நின்னுடுச்சுல்ல?

என் மாமியார் என் கிட்டாரை 'அது' என்றுதான் சொல்வார். "அதை ஓரமா வை." "அது இன்னைக்கும் கத்துமா?" வாசலில் வந்து படுத்துக்கொண்ட பூனைக்குக்கூட இந்த வீட்டில் ஒரு பெயர் உண்டு.

அந்த 'அது'தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குச் சோறு போட்டது. மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மேடையெல்லாம் வேண்டாம், வீட்டோடு இருந்து வாசிக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணினார்கள். நானும் மண்டையை ஆட்டினேன். இங்கே வந்த பிறகு அறையில் உட்கார்ந்து வாசித்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்து ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பிவந்தேன். பாட்டுக்கு நடுவே கொஞ்ச நேரம் கிட்டார் வருமே, யார் வாசித்தது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்களே, அந்த வேலை. எனக்கு அது போதும். அதுவும் போனால் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அடுப்படிதான்.

ஸ்டுடியோக்காரர் தங்கமான மனிதர். அவரே ஒருநாள் போனில் இழுத்தார்.

"வாசிப்புல ஒரு குறை சொல்ல முடியாதும்மா. ஆனா பின்னாடி 'கொய்ங்'னு ஒரு இரைச்சல். நானும் எவ்வளவோ துடைச்சுப் பாத்துட்டேன். அடுத்த பாட்டும் இப்படியே வந்தா வேற ஆளைத்தான் பாக்கணும். கோவிச்சுக்காத."

கோபம் அவர்மேல் எப்படி வரும்? அந்த இரைச்சல் எனக்கும் கேட்கத்தானே செய்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது என் மண்டைக்குள் குடியிருக்கிறது. அன்றைக்கே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். கேபிளை மாற்றினேன். டியூப்லைட்டை அணைத்தேன். போனை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தேன். கிட்டாரைத் திறந்து, கம்பிகளுக்குக் கீழே ஒலியைப் பிடிக்கிற காந்தச் சுருளைச் சுற்றித் தாமிரத் தகடு ஒட்டினேன். உள்ளே இணைப்பு விட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகப்பட்ட இடமெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டேன். ம்ஹூம். அசையவில்லை சனியன்.

ஒன்று மட்டும் பிடிபட்டது. கம்பியில் என் கை பட்டால் இரைச்சல் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி 'கொய்ங்'.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கை பட்டா நிக்குது, எடுத்தா கத்துது. அப்போ கோளாறு உன்கிட்டதான்."

நகைச்சுவையாம். அவர் அம்மாவிடமும் போய்ச் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

மறுநாள் கிட்டாரையும் அதன் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் பிளக்கைச் செருகி வாசித்தேன். இரைச்சலே இல்லை. கையை எடுத்தேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அம்மா அடுக்களையில் கரண்டி வைக்கிற சத்தம்தான் கேட்டது. அதே கிட்டார், அதே கேபிள், அதே பெட்டி. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். கோளாறு கிட்டாரில் இல்லை. என்னிடமும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. திரும்பி வந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தேன்.

"எங்க அம்மா வீட்டுல இரையவே இல்ல. இங்க மட்டும்தான் இரையுது."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொன்னது கரண்டைப் பற்றி. ஆனால் மருமகள் வாயிலிருந்து 'எங்க அம்மா வீட்டுல' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் வந்தால், அது எங்கே போய் முடிந்தாலும் ஒரே அர்த்தம்தான். மாமியார் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார்.

"ஓஹோ. இத்தனை நாள் சாப்பாடு சரியில்ல, தண்ணி சரியில்ல. இப்போ கரண்டும் சரியில்லையா?"

"அத்தை, நான் சாப்பாட்டைப் பத்தி எப்ப சொன்னேன்? சுவத்துல வயரிங்தான்..."

"வயரிங் யார் போட்டதுன்னு தெரியுமில்ல?"

தெரியும். தெரு முழுக்கத் தெரியும். என் கொழுந்தன் எலக்ட்ரீஷியன். எல்லாரும் அவனைக் 'கரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வீடு அவன் எடுத்த முதல் வேலை. அதை மாமியார் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சுவிட்சைப் போட்டுக் காட்டுவார்.

"அங்கதான் எல்லாம் நல்லா இருக்குன்னா அங்கேயே போய் வாசி. ஆனா அதைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியை விட்டு இறங்கினா, அப்படியே அங்கேயே இருந்துக்கோ."

நான் கணவரைப் பார்த்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எதுக்கெடுத்தாலும் உங்க வீடு, எங்க வீடுன்னு ஆரம்பிக்காத."

சரி, வாயால் சொன்னால்தானே வம்பு? அடுத்த நாள் மெயினை அணைத்துவிட்டு, எங்கள் அறையிலிருந்த பிளக் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். மூன்று துளை இருக்கிறதே, மேலே பெரிய துளை, அதுதான் எர்த். சாமானில் கரண்டு கசிந்தால் மண்ணுக்குள் கொண்டுபோய் இறக்குவதற்கு அதிலிருந்து ஒரு பச்சை வயர் போகவேண்டும். இரைச்சலையும் அதுதான் வடிக்கும். நான் திறந்து பார்த்தபோது கீழே இரண்டு திருகில் இரண்டு வயர் இருந்தது. மேல் திருகு புத்தம்புதிதாக மினுங்கியது. அதில் எந்தக் காலத்திலும் எதையும் முறுக்கியதில்லை.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போனது.

"அம்மாகிட்ட காட்டாத. நான் அவனை வரச் சொல்றேன்."

கொழுந்தன் வந்தான். கூடவே மாமியாரும் வந்து கதவருகில் காவல் நின்றார்.

"இதுவா அண்ணி? எர்த்தெல்லாம் ஃபிரிட்ஜுக்கு, வாஷிங் மெஷினுக்குத்தான். படுக்கிற ரூமுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்போ ஃபிரிட்ஜுக்கு இருக்கா தம்பி?"

பையைத் துழாவி விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயரை எடுத்தான். ஒரு முனையைக் காலியாக இருந்த மேல் திருகில் முறுக்கினான். மறுமுனையைப் பக்கத்திலேயே, கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் திருகில் மாட்டினான். மூடியைப் போட்டான், மெயினைப் போட்டான்.

"இப்ப பாருங்க."

கிட்டாரை மாட்டினேன். இரைச்சல் இல்லை. ஸ்டுடியோக்காரர் கேட்ட அதே சுத்தம்.

மாமியார் முகத்தில் வெளிச்சம். "ஒரு நிமிஷ வேலை! இதுக்குப் போய் ஊரைக் கூட்டினா. சத்தம் நின்னுடுச்சுல்ல? இன்னும் என்னம்மா முகத்தைத் தூக்கி வெச்சிருக்க?"

மேடையில் நின்றவளுக்கு இந்தத் திருட்டு வேலை தெரியாதா? மண்ணுக்குப் போகவேண்டிய துளையை நியூட்ரலில் முடிச்சுப் போட்டிருக்கிறான். அந்த நியூட்ரல் வழியில் எங்கேயாவது, என்றைக்காவது விட்டுப்போனால், முழுக் கரண்டும் ஆம்ப் பெட்டிக்கு வந்து, கேபிளில் ஏறி, கிட்டார்க் கம்பிக்கு வந்துவிடும். கம்பியில் இருப்பது என் கை. பெட்டியோ சாமானோ கத்தாது, முன்கூட்டி ஒரு இரைச்சலும் வராது. முன்னே கத்தியபோதாவது ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இப்படி ஒரு கச்சேரியில் ஒரு பையன் மைக்கைத் தொட்டு மேடையிலேயே சுருண்டு விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொழுந்தனிடம் நீட்டினேன்.

"ஒரு தடவை நீங்க பிடிங்க தம்பி."

"எனக்கு எங்க அண்ணி வாசிக்க வரும்?"

"வாசிக்க வேணாம். கம்பியில கையை வெச்சாப் போதும். கால் பெருவிரல் தரையில படுற மாதிரி நின்னுக்கிட்டு."

அவன் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின. அவன் நினைத்துக் கொண்டுபோகவில்லை, அவையாகவே போயின.

"சைட்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க அண்ணி. அப்புறம் வர்றேன்."

பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். மாமியார் அந்தக் கைகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போடா" என்று கூவிக்கொண்டே அவன் பின்னால் போய்விட்டார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பாத்தீங்கல்ல? போட்ட அவனே தொடலை."

"பாத்தேன்" என்றார் கணவர், தாழ்ந்த குரலில்.

விருட்டென்று வெளியே போனார். தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். இவர் எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும், இந்த வயரெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

திரும்பி வந்தார். கையில் குளியலறையில் கிடந்த ரப்பர் செருப்பு. குனிந்து, என் கால் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு வாசி. ஒண்ணும் ஆகாது. அவன் இப்பத்தான் தொழில்ல நிக்குறான், இதைப் பெருசாக்காத."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எனக்காகக் குனிந்தது அன்றைக்குத்தான்.

பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "இரைச்சல் போயிடுச்சாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார். போய்விட்டது என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.