பத்தில் ஒன்பது

இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டுகளைக் கட்டி மேய்ப்பது வாத்தியாரின் வேலை. ஐந்து குழு, ஐந்து கிளையண்ட், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஐந்து முன்னேற்ற அறிக்கை. அறிக்கைக்கென்று அவரே ஒரு படிவம் செய்து வைத்திருந்தார். இடப்பக்கம் வேலைகளின் பட்டியல், வலப்பக்கம் முடிந்ததா இல்லையா, அடியில் சதவீதம். பத்து வேலையில் ஒன்பது முடிந்தால் தொண்ணூறு. அந்தப் படிவத்தின் மேல் மனிதருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா!

மூன்றாவது குழுவின் கிளையண்ட் ஒரு டாக்டரம்மா. முதுகுவலி, மூட்டுவலிக்குப் பயிற்சி கொடுக்கும் சின்ன கிளினிக். நோயாளிகள் தாங்களே போனில் நேரம் குறித்துக்கொள்ள ஒரு செயலி வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் குழுவின் தலைவியை வகுப்பே வாயாடி என்றுதான் கூப்பிடும். ஒரு வெள்ளிக்கிழமை, அறிக்கை எழுதும்போதும் அவள் சும்மா இருக்கவில்லை.

"சார், லோகோ, கலர், முகப்பு, டாக்டரம்மா போட்டோன்னு ஒன்பது வேலை முடிஞ்சுது. நேரம் குறிக்கிறதை மட்டும் இன்னும் தொடவே இல்ல. அப்பவும் தொண்ணூறுன்னு போடவா?"

"பத்துல ஒன்பது எவ்வளவும்மா?"

"தொண்ணூறுதான். ஆனா மிச்சம் இருக்கிற அந்த ஒண்ணுதானே சார் புராஜெக்டே!"

"படிவம் கேக்கறதை மட்டும் எழுது. கிளையண்டை வீணா பயமுறுத்தக் கூடாது."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அறிக்கையை டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். வாத்தியாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். போகாமல் என்ன, தொண்ணூறு ஆயிற்றே!

செவ்வாய்க்கிழமை, ஆனதுவரை காட்டுவதற்காக வாத்தியாரும் வாயாடியும் கிளினிக்குக் கிளம்பினார்கள். முன்மேசையில் இருந்த அக்கா ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, தடித்த நோட்டில் நேரம் குறித்துக்கொண்டே, உள்ளே போகும்படி கையைக் காட்டினார். பதினோரு வருஷமாக அதே மேசை, அதே வேலை.

டாக்டரம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க சார்! உங்களை நம்பி ஒரு காரியம் பண்ணிட்டேன். செயலிதான் வந்துடுதே, இன்னும் பத்து சதவீதம்தானே பாக்கின்னு, வெளியில இருக்காங்களே, அவங்களை மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டேன். ஒரே வேலைக்குச் செயலியும் வேணும், ஆளும் வேணும்னா கட்டுப்படியாகாது பாருங்க."

வாத்தியார் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். மாசக் கடைசிக்கு இன்னும் எட்டே நாள். "அது வந்து... பசங்க என்னன்னா..." என்று இழுத்தவர் பக்கத்தில் பார்த்தார். ஊர்வாய் அத்தனையும் தனக்கென்று வைத்திருக்கும் பெண், வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பசங்க மேல தப்பில்ல டாக்டர். படிவம் என்னோடது. நேரம் குறிக்கிற வேலையை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

"ஆரம்பிக்கவே இல்லையா? அப்போ தொண்ணூறுன்னு எழுதினது?"

"எண்ணிக்கையில தொண்ணூறு. வேலையில இல்ல. இன்னும் மூணு மாசமாவது ஆகும்."

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்கு சார் உங்க கணக்கு! போகச் சொன்னப்போ அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல தெரியுமா? அவங்க வருமானத்துலதான் அந்த வீடே ஓடுது. போங்க, இருந்துக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. மறுபடியும் அவங்க முகத்தைப் பார்த்துப் பேச என்னால ஆகாது."

வெளியே வந்து வாத்தியார் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அக்கா போனை வைத்தார். பேனாவை மூடினார். அப்புறம் அப்படியே நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"அப்போ மூணு மாசம் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அதுக்கப்புறம்?"

வாயாடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாத கண்ணு, நீ என்ன பண்ணுவ?" என்ற அக்கா, நோட்டின் ஓரத்தைக் கிழித்துத் தன் மின்னஞ்சல் முகவரியை எழுதி நீட்டினார். "வாராவாரம் டாக்டருக்கு ஏதோ அனுப்புறீங்களாமே சார். எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. வேற வேலை எப்போ தேடணும்னு அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்."

அந்த வெள்ளிக்கிழமை வாத்தியார் படிவத்தைத் தொடவில்லை. தானே உட்கார்ந்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று நாலு வரி எழுதினார். கடைசி வரி: 'நேரம் குறிக்கும் பகுதி நேற்றுதான் தொடங்கியது.' ஒன்றை டாக்டரம்மாவுக்கும் ஒன்றை அக்காவுக்கும் அனுப்பினார்.

டாக்டரம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அக்காவின் பதில் ஐந்து நிமிஷத்தில் வந்தது.

'ரொம்ப நன்றி சார். பிள்ளைங்களை அவசரப்படுத்தாதீங்க. நிதானமா செய்யட்டும்.'