முதுகோடு முதுகாய் இரண்டு கடுதாசிகள்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கையில் ஒரு கடுதாசி கிடைத்தால் அதை வாசிப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவோம். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அகதி விசாரணைக் கடிதம், மகள் சுபாங்கி நீச்சலில் வாங்கிய சேட்டிபிக்கற் என்று எங்கள் வீட்டில் எல்லாமே லமினேற் செய்யப்பட்டுப் பளபளக்கும். கொட்டும் மழையில் இடம்பெயர்ந்து, சோதனைச் சாவடியில் கரைந்துபோன அடையாள அட்டையை நீட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். இரண்டு கடுதாசிகளை முதுகோடு முதுகாக வைத்து ஒரே உறைக்குள் போடுவது எங்கள் மேலதிகக் கெட்டித்தனம். கொண்டு திரிய லேசு.

அந்தக் கெட்டித்தனத்தால் ஒரு பெண்ணின் இருபத்தேழு வருடக் காத்திருப்பில் நான் மண்ணள்ளிப் போடப் பார்த்தேன்.

றீற்றா கொவெண்டர் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாடியிலேயே, லிப்ற்றுக்கு எதிர்ப்பக்க வீட்டில் தனியாக இருந்தார். தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்துக்காரர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழ்ச் சனத்தின் நாலாம் தலைமுறை. ஆங்கிலம்தான் அவருடைய மொழி. என் மனைவி யோகராணியோடு பழகிப் பழகி யாழ்ப்பாணத் தமிழ் கொஞ்சம் பிடித்துவைத்திருந்தார்.

ஊரில் அவர் ரீச்சர். வெள்ளையருக்கு ஒரு கடற்கரை, கறுப்பருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று மணலைக்கூடப் பங்குபோட்ட அரசாங்கம் அது. அதை எதிர்த்துக் கூட்டங்களில் பேசியதால் வேலை போயிற்று. பிறகு நாலு பேரோடு சேர்ந்து நிற்கவும் தடை வந்தது. 1967இல் நாட்டைவிட்டுப் போக ஒரு பத்திரம் கொடுத்தார்கள். படம் ஒட்டிய ஒற்றைத் தாள். போகலாம், திரும்பி வரக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. தாய் இறந்தபோது றீற்றா அன்ரி ஸ்காபரோவில் இருந்து அழுதார்.

1994 ஏப்ரலில் அந்த நாட்டில் எல்லா நிறத்தவரும் வாக்களிக்கும் முதல் தேர்தல் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இருபத்தாறாம் திகதி, ஒரேயொரு நாள். கனடாவில் அன்ரி எத்தனையோ முறை வாக்குப் போட்டவர். ஆனால் அது வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி என்பார். டேர்பனில் பிறந்ததற்கான சான்றிதழும் படம் ஒட்டிய வெளியேற்றப் பத்திரமும்தான் அவரிடம் இருந்த அத்தாட்சிகள். மடிப்புகளில் வெடித்து, பழுப்பேறிக் கிடந்தன. பிரதி எடுத்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். பிரதி எடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம். பாவம், கிழியப்போகிறதே என்று இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து லமினேற் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரி நன்றி சொன்னார். யோகராணி வடை சுட்டுத் தந்தாள்.

இருபத்தாறாம் திகதி பிக்கரிங்கில் என் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு அன்ரியைக் காரில் டவுன்ரவுன் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் கோட்டும் புதுச் சப்பாத்துமாக வந்தார். வாக்களிப்பு மண்டப வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் சனம். அன்ரி வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கறுப்பர், வெள்ளையர், எங்களைப் போன்றவர்கள், எல்லாரும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றார்கள். அவருடைய ஊரில் தபால்கந்தோருக்குக்கூட இரண்டு வாசல்.

“ஒரு லைன்தான், தம்பி” என்றார். பிறகு மறுபடியும் அதையே சொன்னார்.

மூன்று மணித்தியாலம் நின்று மேசைக்குப் போனோம். அங்கிருந்த இளம்பெண் பத்திரங்களைச் சரிபார்த்து, பெயரைப் பதிந்து, முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மை பிளாஸ்டிக்கில் நிற்காமல் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் குத்தினாள். அதுவும் அழிந்தது. படம் உள்ள மூலப் பத்திரத்தில் முத்திரை விழுந்தால்தான் வாக்குச்சீட்டுக் கொடுக்கலாமாம், இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு முறை வரலாமாம். வேறு பத்திரம் இருக்கிறதா என்று தன்மையாகத்தான் கேட்டாள். ஒன்றும் இல்லை. ஒட்டாவாவில் இருக்கிற தூதரகத்துக்கு எழுதிப்பார்க்கலாம், ஆனால் வாக்களிப்பு இன்றைக்கு மட்டும்தான் என்றாள்.

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. இருபத்தேழு வருடம் ஒரு அரசாங்கம் அடைத்து வைத்த கதவை, அது திறக்கிற அன்றைக்கு நான் போய்ப் பிளாஸ்டிக் போட்டு மூடியிருக்கிறேன். அன்ரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த உறையைக் கையில் வாங்கி, அதற்குள் இருந்த இளவயதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் கெட்டித்தனத்தின் மறுபாதி ஞாபகம் வந்தது.

“அன்ரி, பொறுங்கோ. உள்ளுக்கை ரெண்டு கடுதாசி முதுகோட முதுகா இருக்கு. பசை வெளிப்பக்கத்திலைதான். முதுகிலை பட்டிருக்காது.”

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் எழுந்துபோய், தலை நரைத்த மேலதிகாரியை அழைத்து வந்தாள். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளின் பின்பக்கத்தில் முத்திரை விழுந்தாலும் செல்லும், ஆனால் வெட்டும்போது தாள் கிழிந்துபோனால் இருக்கிற அத்தாட்சியும் போய்விடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். அன்ரி யோசிக்கவில்லை. கத்தரிக்கோல் கேட்டார். நான் கையை நீட்டினேன்.

“நீ விடு. இது என்ர கடுதாசி.”

நாலு ஓரத்தையும் வெட்டினார். மூன்று பக்கம் சுலபமாகப் பிரிந்தது. மடிப்பு வெடித்த இடத்தில் பசை உள்ளே ஊறி இரண்டையும் கவ்விப் பிடித்திருந்தது. அங்கே நகத்தைக் கொடுத்து, மயிரிழை மயிரிழையாக நெம்பினார். எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அன்ரியின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். எவரும் அவசரப்படுத்தவில்லை. மெல்லிய ஒரு சத்தத்தோடு இரண்டு தாள்களும் பிரிந்தன. வெளியேற்றப் பத்திரத்தின் முதுகு, ஒரு எழுத்தும் இல்லாமல், பழுப்பு நிறத்தில் சுத்தமாக இருந்தது.

மேலதிகாரி முன்பக்கத்தைப் படித்தார். திரும்பி வரக்கூடாது என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாளைக் கவிழ்த்துவைத்து, முத்திரையைத் தானே வாங்கிக் குத்தினார். நீல நிறத்தில் வட்டமாக, அச்சொட்டாக விழுந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு மையைக் கையில் பூசி அன்ரியை உள்ளே விட்டார்கள். மறைப்புக்குப் பின்னால் அவர் எடுத்த நேரத்துக்கு ஒரு பானை சோறு வடித்திருக்கலாம். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு துளி பொறாமையும் இருந்தது, சொல்ல வெட்கமில்லை. எங்கள் ஊருக்கு இப்படி ஒரு நாள் வந்தால் நான் எந்தக் கடுதாசியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன் என்று யோசித்தேன்.

அன்ரி சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தார். வரிசை கைதட்டியது. முன்னால் போனவர்களுக்கும் தட்டினார்கள்தான், ஆனால் இவருக்குத் தட்டியதில் கூரை அதிர்ந்தது. அன்ரி வகுப்பறையை அடக்குகிற மாதிரி ஒரு கையை உயர்த்தினார். அடங்குவார்களா? இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

காரில் ஏறிய பிறகு வெளியேற்றப் பத்திரத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். நீ பிளாஸ்டிக் போடாமல் விட்டிருந்தால் முத்திரையை அந்தத் ‘திரும்பி வரக்கூடாது’ வரிக்குப் பக்கத்திலேயே குத்தியிருப்பார்கள், இது நல்லதாய்ப் போயிற்று என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தாளைத் திருப்பி, நீல முத்திரை மேலே தெரிய வைத்தார்.

“இனி இதுதான் முன்பக்கம்.”

ஸ்காபரோவுக்குள் வந்ததும் அந்த லமினேற் கடை வந்தது. வழமையாக ஏதாவது ஒரு கடுதாசியோடு அங்கே நிறுத்துகிறவன் நான். அன்றைக்கு நேரே ஓட்டிக்கொண்டு போனேன்.