கவர் பிரிக்காத இருபது

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு, அந்தக் கடற்கரை நகரின் மூன்றாம் படகுத்துறையிலிருந்து, அடியில் கண்ணாடி பதித்த படகு ஒன்று பத்தொன்பது பேருடன் புறப்பட்டது. படகில் இருபது லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன.

இருபதும் புத்தம் புதியவை. வாங்கி மூன்று வருடமாகியும் பாலித்தீன் கவர் பிரிக்கப்படவில்லை. உப்புத்தண்ணீர் பட்டால் கறை படியும். கறை இருந்தால் வருடாந்திரச் சோதனையில் ஆட்சேபம் எழுதுவார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாக நைலான் கயிற்றால் இறுக்கி, பின் இருக்கையின் காலோடு முடிச்சுப் போட்டிருந்தான் படகோட்டி. துறையில் எல்லாப் படகுகளிலும் அதுதான் வழக்கம். அவன் கெட்டவனல்ல. அலையில் வாந்தியெடுக்கும் பயணியின் முதுகைத் தன் கையாலேயே தடவிவிடுபவன்.

அன்று அவன் மனைவியும் வந்திருந்தாள். கரையோர ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள். ஊர் ஊராக ஆட்கள் வந்து பார்க்கும் பவளப்பாறையை, பதினோரு வருடமாக அவள் ஹோட்டல் அறைச் சுவரிலிருந்த படத்தில்தான் பார்த்திருக்கிறாள், தூசி தட்டும்போது.

"என்ன கேப்டன், எனக்கு ஜாக்கெட் கிடையாதா?"

"பொண்டாட்டிக்கு ஒண்ணு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அது சோதனைக்கு. பேசாம உக்காரு."

"அப்ப நாங்கெல்லாம் எதுக்கு, சும்மா பாரத்துக்கா?"

படகே சிரித்தது. அவனும் சிரித்தான்.

கண்ணாடிக்குக் கீழே பவளம் தெரிந்ததும் அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். "ஐயோ, நேத்துதான் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குங்க!"

அப்போது யாரோ "டால்பின்!" என்று கத்தினார்கள். அவள் உட்பட எல்லோரும் இடப்பக்கம் பாய்ந்தார்கள். "ஒரே பக்கம் போகாதீங்க!" என்று அவன் அலறி முடிப்பதற்குள் படகு சாய்ந்து, மூன்று பேரைக் கடலில் கொட்டிவிட்டு நிமிர்ந்தது. இரண்டு பேர் விளிம்பைப் பற்றிக்கொண்டார்கள். மூன்றாவது, அவன் மனைவி. நீந்தத் தெரியாதவள்.

அவன் ஜாக்கெட் கட்டை நோக்கி ஓடினான். மூன்று வருட உப்பில் முடிச்சு கல்லாகியிருந்தது. பல்லால் கடித்தான், உதடு கிழிந்தது, முடிச்சு அசையவில்லை. கட்டை விட்டுவிட்டு அவன் குதித்தபோது அரை நிமிடம் போயிருந்தது. நினைவிழந்த நிலையில்தான் அவளை மேலே கொண்டுவர முடிந்தது.

மாலை, மருத்துவமனைக் கட்டிலில் அவளுக்குக் குரல் திரும்பியது.

"நெஞ்சு வலிக்குதா?"

"வலி கிடக்கட்டும். ரூம்ல வைக்கிற துண்டை நான் கவரோட கட்டி, முடிச்சும் போட்டு வச்சா, வர்றவங்க என்ன சொல்வாங்க?"

"திட்டுவாங்க."

"துண்டுக்கே திட்டுவாங்க. நீங்க கட்டி வச்சது உசுரை. சோதனை பண்றவரு கரையில நிக்கிறவருங்க, கடலுக்குள்ள வர்றது நாங்கதான். பாதுகாப்புங்கிறது எடுத்துக் காட்டறதுக்கு இல்ல, போட்டுக்கறதுக்கு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கத்தியால் கயிற்றை அறுத்தான். அதன்பின் ஜாக்கெட் மாட்டாத எவரையும் அவன் படகில் ஏற்றவில்லை. "வீட்டம்மா போட்ட சட்டமா?" என்று மற்றப் படகோட்டிகள் கிண்டல் செய்தார்கள். "ஆமா, அவ போட்டதுதான்" என்றான்.

ஜூன் மாதச் சோதனையில் அதிகாரி எழுதிய குறிப்பு: 'இருபது ஜாக்கெட்டுகளிலும் உப்புக்கறை. ஆட்சேபம்.'

படகோட்டி கையெழுத்துப் போட்டான்.