ரவுட்டருக்கு விட்ட வழி

கொடிகாமத்துக் கிளினிக்கில் எடுக்கும் ஸ்கான் படங்களை யாழ்ப்பாண நகரத்தில் இருந்தபடி பார்த்துச் சொல்பவர் டொக்டர் வாகீசன். நோயாளிகளின் விவரம் வெளியே கசியாதிருக்க, இரண்டு இடத்து ரவுட்டர்களுக்கும் நடுவில் எல்லாவற்றையும் பூட்டிக் கொண்டுபோகும் விபிஎன் பாதை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது கஜந்தினியின் வேலை. தூரத்திலிருந்து கொடிகாமத்து ரவுட்டருக்குள் நுழைய அவளுக்கும் அந்தப் பாதைதான்.

ஆடி மாதம் அவள் ஒரு மாற்றம் கேட்டாள். எவ்வளவு நெரிசல் என்றாலும், ரவுட்டருக்குத் தான் அனுப்பும் கட்டளைகள் முதலில் போக வேண்டும்.

"நோயாளியின்ரை படம் காத்துக்கொண்டு நிக்க, மெசினோடை கதைக்கிறதோ முன்னுக்குப் போறது?" என்றார் வாகீசன்.

"அதுக்குக் கொஞ்ச இடம் போதும் டொக்டர். பாதை அடைபட்டால் நான் உள்ளுக்குப் போனால்தானே திறக்கலாம்."

அவர் அரை மனதோடு சம்மதித்தார். அதற்கான விதியை ரவுட்டரில் எழுதி முடித்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. நியாயமான கேள்விதானே.

புரட்டாதியில் ஒரு காலை, சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த தம்பிராசா லொறியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. கிளினிக்கில் அவருக்கு ஸ்கான் எடுத்த நிவேதனா தொலைபேசியில் கஜந்தினியை அழைத்தாள்.

"அக்கா, படம் பாதியிலை நிக்குது. ஆள் வாந்தி எடுக்கிறார். அம்புலன்ஸ் வாறதுக்கிடையிலை டொக்டர் பாக்கோணும்."

முந்தின நாள் கிளினிக்கில் பொருத்திய காவல் கமராப் பெட்டி, பதிவுகளை எல்லாம் அதே பாதையால் ஒரேயடியாக நகரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கஜந்தினி ரவுட்டருக்குள் நுழையப் பார்த்தாள். திரை அசையவில்லை. முன்னுக்குப் போக வேண்டிய கட்டளையும் நெரிசலில் நின்றது.

"நிவேதனா, கமராப் பெட்டிக்குப் பின்னாலை வாற நீல வயரைக் கழட்டுங்கோ."

"இவரை விட்டிட்டுப் போகோணுமே அக்கா?"

"ஓம். ஓடிப்போட்டு வாங்கோ."

வயர் கழன்றதும் படங்கள் வந்து சேர்ந்தன. மண்டைக்குள் இரத்தக் கசிவு. வாகீசன் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். அங்கே சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாக இருந்தபடியால் தம்பிராசா பிழைத்தார்.

பிழை எங்கே என்று கஜந்தினி தேடிக் கண்டுபிடித்தாள். விபிஎன் கட்டளையைப் பூட்டுவதற்கு முன்பே அதற்கு 'முதலில் விடு' என்ற அடையாளத்தைப் போட்டிருந்தாள். பூட்டியதும் அடையாளம் உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்க்க, பாதையில் போகும் எல்லாத் தரவுப் பொதியும் ஒன்றுபோலத்தான். அதே அடையாளத்தை வெளியிலும் பதிய வைத்து, நடந்ததை ஒளிக்காமல் வாகீசனிடம் சொன்னாள்.

"இப்ப சரியோ? காட்டுங்கோ பாப்பம்," என்றார் அவர்.

கிளினிக்கில் ஆளில்லாத மத்தியானம், அவர் பக்கத்தில் இருக்க, வேண்டுமென்றே பாதையை நிரப்பினாள். ரவுட்டர் உடனே அவளை உள்ளே விட்டது. சோதனைக்கு அனுப்பிய ஸ்கான் படம் மட்டும் துண்டு துண்டாக ஊர்ந்தது. வாகீசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தப் படம் பிந்துதே."

"நான் நெரிசலை எடுக்கும் வரைக்கும் பிந்தும் டொக்டர்."

"அண்டைக்கு இது சரியா வேலை செய்திருந்தால்?"

"நானே இங்கையிருந்து கமராவை நிப்பாட்டியிருப்பன். நிவேதனா நோயாளிக்குப் பக்கத்திலையே நிண்டிருப்பா."

அவர் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "எங்கடை கிளினிக்கின்ரை குருநகர்க் கிளையிலையும் இப்பிடி மாத்தியாச்சோ?"

"இன்னும் இல்லை. பின்னேரம் போறன்."